முப்பத்தோரு இடத்தில் மாற்றிய சொல்

கலையரசி அக்காவிடம் இடது, வலது என்று சொன்னால் ஒரு நொடி யோசிப்பார். கிழக்கு, மேற்கு என்றால் யோசிக்கவே மாட்டார். நான் வேலை பார்க்கும் ஜெராக்ஸ் கடைக்கு அவர் முதலில் வந்த அன்று, ஒரு பழைய வரைபடத்தைக் கண்ணாடி மேல் வைத்துக்கொண்டிருந்தேன்.

"கொஞ்சம் வடக்கால நகத்து. ஓரம் வெட்டுப்படுது" என்றார்.

நான் தாளைப் பிடித்தபடி விழித்தேன். எங்கள் முதலாளி கலியபெருமாள் கல்லாவில் இருந்தபடியே, "அதுக்கு வடக்கு எதுன்னு தெரியாதும்மா. பிளஸ் டூ படிச்ச பொண்ணு" என்றார்.

அக்கா சிரித்துவிட்டார். "எங்களுக்கு கிழக்குல கடலு இருக்கு. அத வச்சி மீதிய கண்டுபுடிச்சிக்குவோம். நீ எந்த ஊரு?"

"கருவடிக்குப்பம்."

"பக்கத்துலதான இருக்க, இது தெரியலயா?"

கலையரசி அக்கா புதுச்சேரிக் கடலோரத்தில் இருக்கும் குருசுக்குப்பத்துக்காரர். கல்லூரியில் எம்.ஏ. புவியியல் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தார். அவரைப் பற்றி எழுத வேண்டும் என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன். எழுத எழுத நானும் இதற்குள் வருகிறேன். வராமல் எழுதினால் அது பொய்யாகிவிடும்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பெயர் பாரதி. அப்பா மில்லில் வேலை பார்த்தவர். மில் மூடிய பிறகு ஒரு ஏ.டி.எம். வாசலில் காவலுக்கு இருக்கிறார். அந்தச் சம்பளத்திலும் என்னை இங்கிலீஷ் மீடியத்தில் படிக்க வைத்தார். பிளஸ் டூ தேறினேன். அதற்கு மேல் படிக்கவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கு ஆளுக்கொரு காரணம் சொல்லியிருக்கிறேன். உண்மையில் என்னால் ஓர் இடத்தில் இருக்க முடிவதில்லை. தட்டாஞ்சாவடியில் பிஸ்கட் பேக்கிங் நான்கு மாதம், நேரு வீதியில் துணிக்கடை இரண்டு மாதம், ஒரு பல் டாக்டரிடம் டோக்கன் கொடுக்கும் வேலை மூன்று வாரம். கல்லூரிக்கு எதிரே இருக்கும் இந்தக் கடையில்தான் அப்போது எட்டு மாதமாக நிலைத்திருந்தேன். டைப்பிங், பிரிண்ட், ஸ்பைரல் பைண்டிங். இங்கிலீஷில் அடிக்கத் தெரியும் என்பதால் முதலாளி என்னை மதித்தார். நானும் என்னைக் கொஞ்சம் அதிகமாகவே மதித்துக்கொண்டேன்.

அக்கா அடிக்கடி வந்தார். வேலை இல்லாத மதிய நேரங்களில் கடை பெஞ்சில் உட்கார்ந்து பேசுவார். அவர் கதை எனக்கு அப்படித் துண்டு துண்டாகத்தான் தெரியும்.

அவருடைய அப்பா உத்திராபதி மீன்பிடித் தொழில் செய்கிறவர். அம்மா அங்கம்மாள் பெரிய மார்க்கெட்டில் மீன் விற்கிறார். அண்ணன் விமல்ராஜ் ஏ.சி. மெக்கானிக். அக்கா ஏழாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை தினமும் காலையில் அம்மாவோடு மீன் கூடையை ஷேர் ஆட்டோவில் ஏற்றி மார்க்கெட்டில் இறக்கிவிட்டு, அங்கேயே குழாயடியில் புளி போட்டுக் கை தேய்த்துக் கழுவிவிட்டுப் பள்ளிக்கூடம் போவார். அரசுப் பள்ளி, தமிழ் மீடியம். பி.காம். படிக்கத்தான் ஆசை. இடம் கிடைக்கவில்லை. புவியியலில் இடம் காலியாக இருந்தது, சேர்ந்துவிட்டார்.

"பூமி உருண்ட. இதுக்கு மேல மூணு வருசம் என்னா படிக்கப் போறன்னு எங்கண்ணன் கேட்டான்" என்பார்.

முதல் வாரமே வகுப்பில் பேராசிரியை கமலவேணி மேடம் புதுச்சேரி வரைபடம் ஒன்றை மேசையில் விரித்து, அவரவர் வீட்டைத் தொட்டுக் காட்டச் சொன்னாராம். எல்லோரும் தொட்டார்கள். அக்கா நீல நிறத்தில் விரலை வைத்தார்.

"அங்க கடல்மா" என்றார் மேடம்.

"எங்கப்பா பொறந்த வூடு அங்கதான் மேடம் இருந்துச்சி."

வகுப்பு சிரித்ததாம். மேடம் சிரிக்கவில்லை. "எவ்ளோ தூரம் தள்ளி இருந்துச்சுன்னு கேட்டுட்டு வா" என்றார். அக்கா வீட்டில் கேட்டார். அப்பா, "கல்லுலேர்ந்து ஒரு இருவது பாகம் இருக்கும்" என்றார். கடல் ஊருக்குள் வராமல் இருக்கப் போட்ட கருங்கற்களைத்தான் அவர்கள் கல்லு என்கிறார்கள். இன்று அங்கே மணல் கிடையாது, அலை நேராகக் கல்லில் மோதுகிறது. படகு இழுத்துப் போட இடமில்லாமல் அப்பா தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் வேறொருவர் படகில் ஆளாகப் போகிறார்.

பாகம் என்பது இரண்டு கையையும் பக்கவாட்டில் நீட்டினால் வரும் நீளம். ஒரு கை விரல் நுனியிலிருந்து மறு கை விரல் நுனி வரை. கடலின் ஆழத்தையும் கயிற்றின் நீளத்தையும் அந்த ஊரில் அதில்தான் சொல்வார்கள். இது எனக்கு இப்போது தெரியும். அப்போது தெரியாது.

எம்.ஏ. கடைசி ஆண்டில் ஒவ்வொருவரும் ஓர் ஆய்வு செய்ய வேண்டும். அதற்கு முன் என்ன செய்யப்போகிறோம், எப்படிச் செய்யப்போகிறோம் என்று எழுதி, குழு முன்னால் பேசி அனுமதி வாங்க வேண்டும். அதை எல்லோரும் புரொபோசல் என்பார்கள். அக்கா எடுத்த தலைப்பு, குருசுக்குப்பத்தில் மணல் எவ்வளவு அகலம் இருந்தது என்பது. பழைய வரைபடங்களில் இருப்பது ஒரு கணக்கு. அந்த மணலில் வலை உலர்த்தியவர்கள் சொல்வது இன்னொரு கணக்கு. அவர்கள் பாகத்தில் சொல்கிறார்கள். ஒவ்வொருவர் பாகமும் ஒரே நீளம் இல்லை. அதனால் அக்கா இருபத்தாறு பேரைக் கை விரிக்கச் சொல்லி டேப் வைத்து அளந்தார். யார் எத்தனை பாகம் என்று சொன்னார்களோ, அதை அவர்களுடைய கை நீளத்தால் பெருக்கி மீட்டராக்கினார்.

"எங்கப்பா பாகம் அஞ்சே முக்கா அடி. எதுத்த வூட்டு ஆயம்மா பாகம் அஞ்சடிகூட இல்ல. ஆனா ஆயம்மா நாப்பது பாகம்னு சொல்லுது, எங்கப்பா முப்பத்தஞ்சுன்னு சொல்றாரு. பெருக்கிப் பாத்தா ரெண்டும் ஒண்ணுதான்" என்று ஒரு நாள் என் தோளைப் பிடித்து உலுக்கினார். நான் ஒரு ஹால் டிக்கெட்டை லேமினேட் செய்துகொண்டிருந்தேன். "ஆமாக்கா" என்றேன். காதில் விழுந்தது, ஆனால் கேட்கவில்லை.

கேட்டிருந்தால் அடுத்தது நடந்திருக்காது.

புரொபோசலுக்கு முந்தின நாள் மாலை ஆறு மணிக்கு அக்கா பென் டிரைவைக் கொடுத்தார். ஐந்து பிரதி, ஸ்பைரல் பைண்டிங். "எல்லாம் செக் பண்ணிட்டன். அப்டியே போடு. காலைல வாங்கிக்கறன்" என்று சொல்லிவிட்டு ஓடினார். பத்துப் பக்கம். முழுக்க இங்கிலீஷ். திறந்து பார்த்தேன். பக்கமெல்லாம் ஒரே சொல்லுக்குக் கீழே சிவப்புக் கோடு. பாகம், பாகம் என்று இங்கிலீஷ் எழுத்தில் அடித்திருந்தது.

அந்த நேரத்தில் என் மனதில் என்ன ஓடியது என்பதை மறைக்காமல் எழுத வேண்டும். பாவம் அக்கா, இதற்கு இங்கிலீஷில் என்ன என்று தெரியாமல் அப்படியே தமிழில் விட்டுவிட்டார் என்று நினைத்தேன். அவர் தமிழ் மீடியம், நான் இங்கிலீஷ் மீடியம். போனில் தேடினேன். பாகம் என்றால் பார்ட், அதாவது பகுதி என்று வந்தது. எனக்கே அது தெரிந்த சொல்தான். எல்லா இடத்திலும் ஒரே தட்டில் மாற்றும் வசதி கம்ப்யூட்டரில் இருக்கிறது. தட்டினேன். முப்பத்தோரு இடத்தில் மாற்றப்பட்டது என்று திரையில் வந்தது. சிவப்புக் கோடுகள் எல்லாம் மறைந்தன. பக்கம் சுத்தமாகிவிட்டது போல இருந்தது.

அக்காவின் நம்பர் என்னிடம் இருந்தது. ஒரு போன் போட்டிருந்தால் ஒரு நிமிடம். கடைசிப் பக்கத்தில் பாகம் என்றால் என்ன என்று அவர் இரண்டு வரி விளக்கமே எழுதியிருந்தார். அதையாவது படித்திருந்தால் அரை நிமிடம். நான் படிக்கவில்லை. நாளைக்கு அவரிடம் சொன்னால் சந்தோஷப்படுவார் என்று மட்டும் நினைத்தேன்.

அன்று துளை போடும் மெஷின் மக்கர் செய்தது. காலையில் சரியாகி, ஐந்து பிரதியும் முடியும்போது பத்து மணி. அக்கா போனில், "இங்க ஆரம்பிச்சிட்டாங்க, நீயே எடுத்துட்டு வந்துரு" என்றார். கலியபெருமாள், "போ, ஆனா அங்கயே உக்காந்துராத" என்றார். நான் எடுத்துக்கொண்டு சாலையைத் தாண்டி ஓடினேன்.

அக்கா வகுப்பு வாசலில் நின்றார். பச்சைப் பருத்திப் புடவை, தலையில் கனகாம்பரம். அதற்கு முன் அவரைப் புடவையில் பார்த்ததில்லை. "நீயே குழு டேபிள்ல வச்சிரு. வச்சிட்டுப் போயிராத, கடைசி பெஞ்சுல உக்காந்து பாரு. நீயும் ஒரு நாள் இங்க வந்து நிக்கணும்" என்றார். நான் போய் மேசை மேல் ஐந்தையும் வைத்தேன். ஓரம் ஒன்றாக இருக்கும்படி தட்டி வைத்தேன்.

குழுவில் துறைத் தலைவர் ஜானகிராமன் சார், கமலவேணி மேடம், வெளியூர்க் கல்லூரியிலிருந்து வந்திருந்த இராமதாஸ் சார். கேள்வி கேட்பதெல்லாம் இராமதாஸ் சார்தான். நல்ல மனிதர் போலத்தான் தெரிந்தார். மதிவாணன் என்ற மாணவர் பேசிக்கொண்டிருந்தார். வார இறுதியில் கடற்கரைப் பக்கத்துத் தெருக்களில் எத்தனை வெளியூர் வண்டிகள் நிற்கின்றன என்பது அவருடைய ஆய்வு.

"ஞாயித்துக்கெழம ஒரு நாள் எண்ணிட்டு எப்படிப்பா முடிவுக்கு வந்த?" என்று கேட்டார் இராமதாஸ் சார்.

"சனிக்கெழமையும் போனேன் சார்."

"அந்தக் கணக்கு எங்க?"

"அன்னைக்கு என் வண்டிய நிறுத்தவே எடம் கெடைக்கல சார். வூட்டுக்கு வந்துட்டேன்."

வகுப்பு முழுக்கச் சிரித்தது. சாரும் சிரித்தார். மதிவாணனுக்கு அனுமதி கிடைத்தது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் அக்காவைக் கூப்பிட்டார்கள்.

அக்கா வணக்கம் சொல்லி, முதல் ஸ்லைடைப் போட்டார். கடலும் கல்லும். அவர் தலைப்பைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே இராமதாஸ் சார் நான் வைத்த பிரதியைப் புரட்டிக்கொண்டிருந்தார். நாலாம் பக்கத்தில் நின்றார்.

"ஒரு நிமிசம்மா" என்றார். இங்கிலீஷில் ஒரு வரியைச் சத்தமாக வாசித்தார். தமிழில் சொன்னால் இதுதான்: பங்கேற்ற ஒவ்வொருவருடைய பார்ட்டும் டேப்பால் அளக்கப்பட்டது.

நிமிர்ந்து பார்த்தார். "எந்தப் பார்ட்டும்மா?"

முதலில் ஒருவர் சிரித்தார். பிறகு நான்கைந்து பேர்.

"இருவத்தாறு பேரு. ஆண்கள் பதினேழு, பெண்கள் ஒம்பது. அடுத்த வரியப் பாருங்க. பார்ட்டோட நீளம் ஆளுக்கு ஆள் மாறுபடுது" என்று மறுபடி வாசித்தார்.

இப்போது அறையே சிரித்தது. பெண்களும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். கமலவேணி மேடம், "சார்" என்றார்.

"மேடம், எழுதியிருக்கறதத்தான் படிக்கறேன்" என்றார் அவர்.

அக்காவுக்குப் புரியவில்லை. மேசையிலிருந்து ஒரு பிரதியை எடுத்தார். நாலாம் பக்கம். ஐந்தாம் பக்கம். ஆறு. முகம் மாறவில்லை, பக்கம் புரட்டும் விரல் மட்டும் வேகமாகப் போனது. பிறகு தலையைத் தூக்கினார். கடைசி பெஞ்சைப் பார்த்தார். என்னைத்தான். ஒரு மூச்சு விடும் நேரம்தான் இருக்கும். நான் குனிந்துகொண்டேன்.

"அது பாகம் சார்" என்றார் அக்கா. குரல் தெளிவாகத்தான் இருந்தது. "ரெண்டு கையையும் விரிச்சா ஒரு பாகம். எங்க ஊர்ல ஆழம், நீளம் எல்லாம் அதுலதான் சொல்வாங்க. பிரிண்ட்ல தப்பா வந்துருக்கு. என் தப்புதான் சார்."

அடுத்த ஸ்லைடைப் போட்டார். அவருடைய அப்பா கல்லின் மேல் நின்று இரண்டு கையையும் விரித்திருக்கும் படம். கீழே பாகம் என்று இங்கிலீஷ் எழுத்தில் சரியாக இருந்தது. சிரிப்பு நின்றுவிட்டது. அத்தோடு முடிந்துவிடும் என்று எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

ஆனால் இராமதாஸ் சார் இப்போது சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"பிரிண்ட்ல ஒரு எடம் தப்பாவும். எல்லா எடமும் ஒரே மாதிரியாம்மா தப்பாவும்? கடைசிப் பக்கத்துல, பார்ட்னா ரெண்டு கைய விரிச்ச நீளம்னு விளக்கம் வேற போட்டுருக்கு. இத எழுதுனவருக்கு அந்த வார்த்த தெரியல. ஸ்லைடு பண்ண உனக்குத் தெரிஞ்சிருக்கு. அப்ப புத்தகத்த எழுதுனது யாரு?"

"நான்தான் சார்."

"இப்ப காலேஜ் வாசல்லயே கட போட்டு எழுதிக் குடுக்கறாங்க. எனக்குத் தெரியாதா?"

"நான்தான் சார் எழுதுனேன்."

நான் சொல்ல வேண்டியது மூன்றே சொல். சார், நான்தான் மாத்துனேன். எழுந்து நின்று அதைச் சொல்லியிருக்கலாம். மனதுக்குள் பல முறை சொல்லிப் பார்த்தேன். பையின் வாரை இரண்டு கையாலும் பிடித்திருந்தேன். எதற்குப் பயந்தேன் என்று பிறகு நிறைய யோசித்திருக்கிறேன். முதலாளி வேலையை விட்டு எடுத்துவிடுவார் என்றா? அவர் எடுக்காவிட்டாலும் கொஞ்ச நாளில் நானே விட்டிருப்பேன், அது பயமில்லை. அவ்வளவு படித்தவர்கள் நடுவில், பாகத்துக்கு அர்த்தம் தெரியாத முட்டாள் நான்தான் என்று தெரிந்துவிடும். அப்போது என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். அதற்குத்தான் பயந்தேன். அக்காவைப் பார்த்துச் சிரித்ததை நான் பொறுத்துக்கொண்டேன்.

கமலவேணி மேடம் அக்காவுக்காகப் பேசினார். இந்தப் பெண்ணை ஐந்து வருடமாகத் தெரியும் என்றார். ஜானகிராமன் சார் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, வெளியூர்ப் பேராசிரியர் கையெழுத்து இல்லாமல் தாள் நகராது என்றார். கடைசியில் முடிவு இதுதான்: எழுத்து மாணவியுடையதாகத் தெரியவில்லை, தலைப்பை மாற்றி ஒரு வாரத்துக்குள் விண்ணப்பம் தர வேண்டும். தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையின் நிலப் பயன்பாடு. துறையே வைத்திருந்த தலைப்பு. விண்ணிலிருந்து எடுத்த படங்களைப் பார்த்து வண்ணம் தீட்டினால் பாதி வேலை முடிந்துவிடும். யாரையும் கேட்க வேண்டியதில்லை.

அடுத்தவரைக் கூப்பிட்டார்கள். அந்த நேரத்தில் நான் பின்வாசல் வழியாக வெளியே வந்துவிட்டேன்.

இரண்டு நாள் அக்கா வரவில்லை. மூன்றாம் நாள் மதியம் கடைக்கு அக்காவின் அம்மா அங்கம்மாள் வந்தார். மார்க்கெட் முடிந்து நேராக வந்திருக்கிறார், தோளில் துண்டு. கையில் ஒரு பாலிதீன் பை.

"பாரதிங்கறது நீதான?"

தெரிந்துதான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

"எம் பொண்ணு புக்க நீதான் போட்டுக் குடுத்தியாம்ல. அவ ஒண்ணுஞ் சொல்ல மாட்டா, அழுத்தக்காரி. போன வாரமே சொன்னா, பாரதின்னு ஒரு பொண்ணு, நல்லா செஞ்சிக் குடுக்குதுன்னு. இந்தா, சங்கரா மீனு. காலைல வந்தது. ஆஞ்சி வச்சிருக்கன், போய் கொழம்பு வச்சாப் போதும்."

"வேணாம்மா."

"இன்னா வேணாம்? மீன வேணாங்கற பொண்ண இப்பதான் பாக்கறன்." பையை மேசையில் வைத்தார். "எப்ப வரும் அது? ஆயம்மா தெனம் கேக்குது. எங்கையப் புடிச்சி அளந்துட்டுப் போனாளே உம் பொண்ணு, எழுத்துல வந்துச்சான்னு. அந்தக் கெழவிக்கு ரேசன் கார்டு தவுர வேற எதுலயும் பேரு வந்தது கெடையாது."

கலியபெருமாள் என்னைப் பார்த்தார். அவருக்கும் ஒன்றும் தெரியாது. "வரும்மா, காலேஜ் வேல, லேட்டாவும்" என்றார்.

"லேட்டானா பரவால்ல. வந்தா செரி."

அக்கா வீட்டில் எதுவும் சொல்லவில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. மீனை வீட்டுக்குக் கொண்டுபோனேன். அம்மா குழம்பு வைத்தார். யார் கொடுத்தது என்று கேட்டபோது, கடைக்கு வர்ற ஒரு அக்கா என்றேன். சாப்பிட மாட்டேன் என்று நினைத்திருந்தேன். சாப்பிட்டேன். ருசியாகத்தான் இருந்தது.

ஐந்தாம் நாள் காலை அக்கா வந்தார். வழக்கமாக உட்காரும் பெஞ்சில் உட்காரவில்லை.

"தலைப்பு மாத்தற விண்ணப்பம் ஒண்ணு அடிக்கணும். நான் சொல்லச் சொல்ல அடி" என்றார்.

கலியபெருமாள் டீக்குப் போயிருந்தார். நாங்கள் இரண்டு பேர்தான். அக்கா என் பின்னால் நின்று ஒவ்வொரு இங்கிலீஷ் சொல்லாகச் சொன்னார். கஷ்டமான சொற்களுக்கு எழுத்தெழுத்தாகச் சொன்னார். நான் அடித்தேன். பழைய தலைப்பு என்ற கட்டத்தில் குருசுக்குப்பம், மணல் எல்லாம் வந்தது. புதிய தலைப்பு என்ற கட்டத்தில் தட்டாஞ்சாவடி வந்தது. மாற்றத்துக்கான காரணம் என்று ஒரு கட்டம் இருந்தது.

"சொந்தக் காரணம்னு போடு" என்றார்.

என் விரல் நின்றுவிட்டது. "அக்கா, நான்தான்..."

"தெரியும். அடி."

"நான் வந்து சொல்றேங்க்கா. மேடம்கிட்ட சொல்றேன், அந்த சார்கிட்டயும் எழுதிக் குடுக்கறேன். கையெழுத்துப் போட்டு எழுதியே வச்சிருக்கேன்." மேசை டிராயரிலிருந்து எடுத்துக் காட்டினேன். முந்தின நாள் ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தேன்.

அக்கா அதை வாங்கிப் படித்தார். முழுக்கப் படித்தார். பிறகு மடித்து என் முன்னாலேயே வைத்தார்.

"மொத பக்கத்துல ஒரு உறுதிமொழி இருக்கு, அடிச்சியே, பாத்தியா? இதுல உள்ள ஒவ்வொரு வார்த்தையும் நானே எழுதுனது, வேற யாரும் கை வைக்கலன்னு. கீழ என் கையெழுத்த ஸ்கேன் பண்ணி வச்சிருக்கன். நீ கை வச்சன்னு எழுதிக் குடுத்தா, அதுல கையெழுத்து போட்டவ பொய் சொன்னவளா ஆவறன். அப்பறம் தலைப்பு மட்டும் போவாது, விசாரணன்னு வரும். ஓம் மனசு லேசாவறதுக்கு நான் போயி அங்க நிக்கணுமா?"

"அப்ப நான் என்னக்கா பண்றது?"

"அன்னைக்கு, எல்லாரும் சிரிச்சிட்டு இருந்தப்ப எழுந்து சொல்லியிருந்தன்னா அது ஒரு ஜோக்காப் போயிருக்கும். அந்த சாரே சிரிச்சிட்டு வுட்ருப்பாரு. நான் உன்னப் பாத்தன். இல்லன்னு சொல்லாத."

"பாத்தீங்க."

அக்கா திரையில் இருந்த விண்ணப்பத்தை மேலிருந்து கீழே ஒரு முறை படித்தார். மெஷின் சூடாகி உறுமிக்கொண்டிருந்தது.

"ஒண்ணு மட்டும் கேக்கறன். ஏன் மாத்துன? எனக்கு இங்கிலீஷ் வராதுன்னு நெனச்சிட்ட. அதான?"

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். ஆனால் ஆமாம் என்று தலைதான் ஆடியது.

"எல்லாரும்தான் நெனைக்கறாங்க" என்றார். அதில் கோபம் இருந்திருந்தால் எனக்குத் தேவலை. "நீயும் நெனைப்பன்னு நான் நெனைக்கல. செரி, பிரிண்ட் எடு. ரெண்டு காப்பி."

எடுத்துக் கொடுத்தேன். காசை மேசையில் வைத்தார். நான் தள்ளினேன். மறுபடி என் பக்கம் தள்ளிவிட்டுப் போய்விட்டார்.

அதன் பிறகு அவர் எங்கள் கடைக்கு வரவில்லை. தட்டாஞ்சாவடி ஏ.டி.எம். வாசலிலிருந்து அவரைப் பார்த்ததாக, முன்பு கடையில் அவரைக் கண்டிருந்த என் அப்பாதான் இரண்டு முறை சொன்னார். தலையில் துப்பட்டா சுற்றிக்கொண்டு, மூடிக் கிடக்கும் ஷெட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தாராம். வேண்டாத தலைப்புதானே என்று அரைகுறையாகச் செய்யவில்லை அவர். படத்தைப் பார்த்து வண்ணம் தீட்டினால் போதும் என்று கொடுத்த வேலைக்கு, வெயிலில் கதவு கதவாகப் போயிருக்கிறார். இதைக் கேட்டபோது எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமைக்கு எனக்கு உரிமை இல்லை என்பதும் தெரிந்தது.

குருசுக்குப்பம் பக்கம் நான் போவதில்லை. ஒரு முறை மட்டும் போனேன். யாரோ ஒரு கிழவி வாசலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். அவர்தான் ஆயம்மாவா என்று தெரியாது. அவர் என்னைப் பார்த்து, "யாரத் தேடற?" என்றார். யாரையும் இல்லை என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அவரிடம் சொல்ல என்னிடம் என்ன இருக்கிறது? உங்கள் நாற்பது பாகம் எழுத்தில் வராது என்று சொல்லலாம். ஏன் வராது என்று கேட்டால்?

ஒன்றரைப் பக்கக் கடிதம் இன்னும் டிராயரில் இருக்கிறது. கொடுத்தால் அக்காவுக்குக் கேடு, கிழித்தால் எனக்கு வசதி. அதனால் இரண்டும் செய்யவில்லை. முதல் முறையாக ஒரு வேலையை விட்டு ஓட வேண்டும் என்று தோன்றியும் ஓடவில்லை. ஓடினால் அதுவும் அந்தப் பின்வாசல் போலத்தான் ஆகும்.

ஏப்ரல் கடைசியில் இறுதி ஆய்வறிக்கைகளைக் கொடுக்கும் நாள். காலையிலிருந்து கடையில் கூட்டம். மதிவாணன் மூன்று முறை வந்து, "அட்டை கறுப்பா நீலமா, எதுல மார்க் அதிகம் வரும்?" என்று கேட்டுக் கலியபெருமாளிடம் திட்டு வாங்கினார். பதினோரு மணி இருக்கும். சாலைக்கு அந்தப் பக்கம் புதிதாக ஒரு ஜெராக்ஸ் கடை வந்திருக்கிறது. அதன் வாசலில் கலையரசி அக்கா நின்றிருந்தார். கடைக்காரர் பைண்டிங் செய்த பிரதிகளை அவர் முன்னால் வைத்தார். அக்கா முதல் பிரதியை எடுத்து முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தார். வரிக்கு வரி விரலை வைத்துப் படித்தார். கடைக்காரர் ஏதோ சொன்னார், நேரமாகிறது என்று சொல்லியிருக்கலாம். அக்கா தலையைத் தூக்கவில்லை. முதல் பிரதி முடிந்ததும் இரண்டாவதை எடுத்தார். எல்லாம் ஒரே கோப்பிலிருந்து வந்த பிரதிகள்தான், ஒன்றைப் படித்தால் போதும். அது அவருக்குத் தெரியாதது இல்லை. இரண்டாவதையும் முதல் பக்கத்திலிருந்தே படித்தார்.

வெயில் அவர் முதுகில் அடித்தது. எங்கள் கடையில் யாரோ, "ஏம்மா, எவ்ளோ நேரம்" என்று என்னைக் கேட்டார்கள். நான் அவர்கள் தாளைக் கண்ணாடி மேல் வைத்துப் பட்டனை அழுத்தினேன். நிமிர்ந்து பார்க்கும்போது அக்கா மூன்றாவது பிரதியைத் திறந்துகொண்டிருந்தார்.